அடங்காத பிள்ளையின் வீட்டில்

ஓரிடத்தில் நில்லாமலும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படாமலும் வீட்டையும் வகுப்பையும் கலக்குகிற ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ஆலோசனை அறைக்குள் நுழைகிற தாய், தன் மகனுக்கு என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால், தன்மேல் என்ன குற்றம் சாட்டப் போகிறார்கள் என்பதையே எதிர்பார்த்திருப்பாள். மாமியாரும் நாத்தனாரும் பக்கத்து வீட்டாரும் வகுப்பாசிரியையும் ஏகமனதாக முன்பே தீர்ப்புக் கூறியிருப்பார்கள். "வளர்ப்பு சரியில்லை" என்னும் அந்தத் தீர்ப்பைப் படித்தவர்கள் வாயிலிருந்தும் ஒருமுறை கேட்டுவிடத் துணிந்துதான் அவள் வந்திருப்பாள். மதுரையில் குழந்தை மனநலப் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தொழிலில் முதலாவதாகச் செய்யவேண்டிய காரியம், ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் இரண்டு விஷயங்களைப் பிரித்து அவளுக்குக் காட்டுவதாகும். பிள்ளையின் கவனம் நிலைகொள்ளாமையும் துடிப்பும் அவனோடு பிறந்த சுபாவம். அதற்கு அவள் காரணமல்ல. அந்தச் சுபாவத்தின்மேல் ஏறிய எதிர்ப்பும் வசவும் கைநீட்டலும் வீட்டில் நாளடைவில் வளர்ந்தவை; அவற்றைக் குறைக்க அவளால் முடியும். முதல் வாக்கியத்தைக் கேட்டு அழுத தாய்மார்கள் பலர். இரண்டாவது வாக்கியத்தை அவர்கள் நம்புவதற்கோ மாதக்கணக்கில் காலம் பிடித்தது.

பெங்களூரில் பயிற்சி முடித்து நான் பணிக்கு வந்த 1980களின் பிற்பகுதியில், இத்தகைய பிள்ளைகள் எங்களிடம் நேராக வந்ததில்லை. கோடாங்கியிடமோ தர்காவில் ஓதி ஊதுகிறவரிடமோ அழைத்துச் சென்று முதலில் தாயத்துக் கட்டுவார்கள். வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுப்பார்கள். பிறகு வலிப்பு சம்பந்தமான கோளாறாக இருக்குமோ என்ற சந்தேகத்தின் பேரில் இ.இ.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள், அதில் ஒன்றும் தெரியாதபோது, "பையனுக்கு ஒண்ணுமில்ல, கண்டிச்சு வளங்க" என்ற உபதேசத்தோடு வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். புதிய இடமும் புதிய மனிதரும் இத்தகைய பிள்ளையின் கவனத்தைச் சிறிது நேரம் கட்டிப்போட வல்லவை ஆதலால், டாக்டரின் அறையில் அந்தப் பத்து நிமிஷமும் பையன் அசையாமல் உட்கார்ந்திருப்பான். தாய் சொன்னது மிகையென்று டாக்டர் நினைப்பார். "இங்க மட்டும் எப்படி உக்காந்திருக்கான் பாருங்க" என்று கணவனும் அவளையே நோக்குவான். பள்ளிக்கூடத்தில் டி.சி.யை வாங்கிக்கொண்டு போகும்படி சொன்ன பிறகே எங்கள் வாசலுக்கு வருவார்கள்.

இத்தகைய பிள்ளையின் அட்டையில் நாங்கள் எழுதும் பெயர் காலத்துக்குக் காலம் மாறிவந்த ஒன்று. 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், புத்தியில் குறையில்லாதிருந்தும் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ள இயலாத பிள்ளைகளை வர்ணித்து, அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றார். 1968ஆம் ஆண்டின் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூல் அதை மிகையான இயக்கம் என்று கொண்டது. மான்ட்ரியாலில் வர்ஜீனியா டக்ளஸ் என்னும் அம்மையார் 1970களில் செய்த ஆராய்ச்சிகளுக்குப் பின், குறையின் மையம் கை கால்களின் ஓட்டத்தில் இல்லை, கவனத்தை நிறுத்துவதிலும் உந்துதலை அடக்குவதிலும் இருக்கிறது என்ற அபிப்பிராயம் வலுத்து, 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் கவனம் என்ற சொல் முன்னால் வந்தது. இப்போது எல்லாரும் வழங்கும் ஏ.டி.ஹெச்.டி. என்ற பெயர் 1987இல் ஏற்பட்டது. ஏழு வயதுக்குள் அறிகுறிகள் தோன்றியிருக்கவேண்டும் என்ற விதியை 2013ஆம் ஆண்டுப் பதிப்பு பன்னிரண்டு வயதுக்கு உயர்த்தியது.

இந்த மாற்றங்களுள் என் அன்றாடத் தொழிலுக்கு மிகவும் பயன்பட்டது ஒன்றே. பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் செய்யவேண்டிய கணத்தில் நின்று செய்ய அவனால் இயலவில்லை. "எல்லாம் தெரியும் சார், கேட்டா அழகாச் சொல்லுவான், ஆனா வேணும்னே பண்றான்" என்று தகப்பன்மார்கள் சொல்வதில் முதற்பாதி உண்மை. அவனிடம் கேட்டால் தம்பியை அடிக்கக்கூடாது என்று ஒப்பிப்பான். கை ஓங்கிய கணத்தில் அந்த அறிவு அவனுக்கு உதவிக்கு வருவதில்லை. ஆகவே அறிவுரை எவ்வளவு நீண்டாலும் அதனால் விளைவது சொற்பம். டி.வி. முன்னால் இரண்டு மணி நேரம் உட்காருகிறவன் புத்தகத்தின் முன் இரண்டு நிமிஷம் உட்காரமாட்டேன் என்கிறானே என்ற கேள்விக்கும் இதுவே விடை. கணத்துக்குக் கணம் மாறிப் பலன் தந்துகொண்டே இருக்கும் விஷயத்தில் அவன் கவனம் தானாக நிலைக்கிறது, பலனைப் பின்னால் தரும் விஷயத்தில் அதை இழுத்து நிறுத்தும் சக்தி அவனுக்குக் குறைவு.

உலகில் ஏறக்குறைய 5 சதவீதப் பிள்ளைகளிடம் இது காணப்படுகிறதென்று கணக்கெடுப்புகளும், பிள்ளைகளுக்கிடையே இவ்விஷயத்தில் உள்ள வேற்றுமையில் 70 முதல் 80 சதவீதம் வம்சாவளியைப் பொறுத்ததென்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆராய்ச்சிகளும் கூறும். அந்தப் புள்ளிவிவரங்களை அறியாத கிழவிகள், என் அறையின் மூலையில் உட்கார்ந்தபடி, "இவங்க அப்பனும் இப்படித்தான் ஓடு மேல ஏறிக்கிட்டுத் திரிஞ்சான்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தை பல குடும்பங்களில் பெரிய காரியத்தைச் சாதித்திருக்கிறது. அதுவரை மனைவியைக் குறை கூறிக்கொண்டிருந்த மனிதன், தன் பள்ளிப் பிராயத்தையும் அன்று வாங்கிய பிரம்படிகளையும் நினைத்துப் பார்த்து, மகனைச் சற்று நேரம் மௌனமாக நோக்கியதை நான் பல தடவை பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன்.

இனி அந்த இரண்டாவது விஷயத்துக்கு, வீட்டில் நாளடைவில் வளர்ந்த எதிர்ப்புக்கு, வருகிறேன். என் தொழில் முழுவதும் அடங்கியிருப்பது அதில்தான். ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பாட்டர்சன் என்ற அறிஞர், முரட்டுப் பிள்ளைகளைப் பற்றித் தம் அறையிலிருந்தபடி சித்தாந்தம் எழுதாமல், உதவியாளர்களை வீடுகளுக்கே அனுப்பி, தாய் என்ன சொன்னாள், அதற்குப் பிள்ளை என்ன செய்தான், அதற்கு அவள் என்ன செய்தாள் என்று கணத்துக்குக் கணம் குறித்துவரச் செய்து, அந்தக் குறிப்புகளிலிருந்து கண்டதை 1982இல் நூலாக வெளியிட்டார். அந்த முறையைப் பின்பற்றி நானும் வைகையின் வடகரைத் தெருக்களில் உள்ள வீடுகளில், மாலை ஆறு மணி முதல் சாப்பாட்டு வேளை வரை, ஒரு மூலையில் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்திருக்கிறேன். முதல் அரைமணி நேரம் எல்லாரும் விருந்தாளி முன் நடந்துகொள்வார்கள், காபி வரும், அதற்குப் பின் வீடு தன் இயல்புக்குத் திரும்பிவிடும்.

"டேய், கை கால் கழுவிட்டுப் புஸ்தகத்த எடு" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். பையன் காதில் அது விழுந்ததாகவே தெரியாது. தாளிக்கிற சத்தத்துக்கு நடுவே அதே வாக்கியம் இன்னும் நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்தாயி உயர்ந்து வரும். பிறகு கரண்டியும் கையுமாக அவளே வருவாள். பையன் பையை உதைப்பான், பென்சில் டப்பாவை எறிவான், "போ, நீ எனக்கு அம்மாவே இல்ல" என்பான். அவள் ஓர் அறை கொடுப்பாள். அவன் அவளைத் திருப்பி அடிப்பான், அல்லது தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறுவான். அந்த நேரம் பார்த்து ஆச்சி எழுந்து வந்து, "பச்சப் புள்ளய என்னத்துக்குடி இந்தப் பாடு படுத்துற" என்று அவனை அணைத்துத் திண்ணைக்கு அழைத்துப் போவாள். தாய் சோர்ந்துபோய் அடுப்படிக்குத் திரும்புவாள். வீடு அமைதியாகிவிடும்.

அந்த அமைதியில்தான் பாடம் நடக்கிறது என்று பாட்டர்சன் கண்டார். அலறினால் படிப்பு தள்ளிப்போகும் என்பதைப் பிள்ளை அந்த மாலையில் கற்றுக்கொண்டான். விட்டுக்கொடுத்தால் அலறல் நிற்கும் என்பதைத் தாய் கற்றுக்கொண்டாள். வேறு சில மாலைகளில், ஓங்கி அடித்தால் அவன் அடங்குகிறான் என்பதையும் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் உடனடி நிவாரணம் கிடைத்துவிடுவதால், மறுநாள் இருவருமே நேற்றைவிட ஒரு படி மேலிருந்து தொடங்குகிறார்கள். இதில் யாருடைய உத்தேசமும் கெட்டதல்ல. சாதாரணப் பிள்ளை மூன்றாவது குரலில் எழுந்துவிடுவான். இந்தப் பிள்ளை எழுவதில்லை. அதனால் இந்த ஏணியில் இவ்வளவு உயரம் ஏறவேண்டிய நிர்ப்பந்தம் இந்தத் தாய்க்கு மட்டும் ஏற்படுகிறது. என் நோட்டிலிருந்து அந்த மாலையை வரிசையாகப் படித்துக் காட்டும்போது, அநேகமாக எல்லாத் தாய்மார்களும் ஒரே இடத்தில் என்னை நிறுத்தி, "அப்ப நானும் இதுல இருக்கேனா சார்?" என்று கேட்பார்கள். குற்றவாளியாக அல்லாமல் ஒரு காரியத்தின் பங்காளியாகத் தன்னை அவள் காண்கிற அந்த இடத்திலிருந்துதான் பரிகாரம் ஆரம்பமாகும்.

பரிகாரத்தின் முதல் படியைக் கேட்டுப் பல தகப்பன்மார்கள் கோபித்துக்கொண்டார்கள். தினமும் கால்மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து, அவன் தேர்ந்தெடுத்த விளையாட்டை அவன் போக்கில் ஆடவேண்டும். அந்த நேரத்தில் ஏவலில்லை, கேள்வியில்லை, திருத்தமில்லை. நல்லதாக எது செய்தாலும் அதைக் கண்டு சொல்லவேண்டும். "இத்தனை சேட்டை பண்றவனுக்கு விளையாட்டு வேறயா?" என்பார்கள். ஆண்டுக்கணக்கில் ஏவலும் மறுப்புமாகவே பழகிப்போன இருவரிடையே, தாயின் வாய்ச்சொல்லுக்கு மறுபடி ஒரு மதிப்பு ஏற்படாமல் வேறு எந்த முறையும் பலிக்காது என்பதை அவர்களுக்கு விளக்கவேண்டியிருக்கும். புகழ்வதிலும் நம் வீடுகளில் ஒரு தயக்கம் உண்டு. கண்பட்டுவிடும் என்று கிழவிகள் அஞ்சுவார்கள், தலைக்கு ஏறிவிடும் என்று தகப்பன் அஞ்சுவான். ஆகவே பிள்ளையைப் புகழவேண்டாம், செய்ததைச் சொன்னால் போதும் என்று நான் சொல்வது வழக்கம்: "செருப்ப ஓரமா வச்சிட்டியே", "தம்பி கேட்டதும் குடுத்திட்ட." இவ்வளவுக்கே முகம் மலராத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஏவுகிற முறை அடுத்தது. அடுப்படியிலிருந்து கூவுவதை நிறுத்தி, பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, அவன் முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். "படிக்கிறியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்று சொல்ல அவனுக்கு உரிமை வந்துவிடுகிறது, "கணக்கு நோட்டை எடு" என்பதில் அந்த இடமில்லை. சொன்ன பிறகு, வாய் திறவாமல் சிறிது நேரம் காத்திருக்கவேண்டும். இது கேட்பதற்கு எளிது, செய்வதற்கு மிகக் கடினம்.

வெகுமதியில் நம் குடும்பங்கள் பெரிய மனசு படைத்தவை. ஆனால் அந்த மனசு இந்தப் பிள்ளைகளுக்கு உதவாது. முழுப்பரீட்சையில் பாஸானால் சைக்கிள் என்று ஜூன் மாதத்தில் வாக்களிப்பார்கள். அடுத்த மணி நேரமே எட்டாத தூரமாகத் தோன்றுகிற பிள்ளைக்கு ஏப்ரல் மாதம் என்பது இல்லாததற்குச் சமானம். எங்கள் முறையில் ஒரு தம்ளரும் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையும் போதும். சொன்னவுடன் எழுந்தால் ஒன்று, பல் தேய்த்தால் ஒன்று, அடிக்காமல் தம்பியோடு சாப்பிட்டு முடித்தால் இரண்டு. ராத்திரி எண்ணிப் பார்த்து, அப்பாவோடு ஒரு ரவுண்டு வண்டியில் போவதற்கோ கூடுதலாக ஒரு கதைக்கோ மாற்றிக்கொள்ளலாம். போட்ட கொட்டையை எக்காரணம் கொண்டும் திருப்பி எடுக்கக்கூடாது. இதற்குக் காசு செலவில்லை என்பதால் நெசவாளர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் இது ஒரேமாதிரி நடந்தது.

இவ்வளவையும் சிரத்தையாகச் செய்கிற தாய், சில நாட்களில் முன்னைவிட மோசமான ஒரு வாரத்தைச் சந்திப்பாள். அலறினால் கிடைத்துக்கொண்டிருந்தது கிடைக்காமற் போகும்போது, அலறலை நிறுத்துவதற்கு முன்னால் பிள்ளை அதை உயர்த்திப் பார்ப்பது இயற்கை. சிகிச்சையைக் கைவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த வாரத்தில்தான் போகிறார்கள். ஆகையால் அந்த வாரம் வரப்போகிறது என்பதை முன்கூட்டியே ஆச்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுவது என் வழக்கம். ஆச்சி சம்மதிக்காத வீட்டில் எந்தத் திட்டமும் மூன்று நாள் தாண்டுவதில்லை. கட்டாயமாக அவர்களுக்கும் ஓர் அதிகாரம் கொடுத்தாகவேண்டும். புளியங்கொட்டைகளை எண்ணும் அதிகாரத்தை அநேக வீடுகளில் ஆச்சிக்கே கொடுத்தோம். அதன் பின் அவர்களே திட்டத்தின் காவலர்களாகிவிட்டார்கள்.

கோபம் உச்சத்திலிருக்கும் பிள்ளையிடம் எதுவும் பேசிப் பயனில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கார்ட்டூனை நிறுத்திக் குளிக்கப் போகச் சொன்னால் தினமும் கையில் கிடைத்ததை உடைக்கும் ஒரு சிறுவன் வந்தான். 1998இல் ராஸ் கிரீன் என்பவர் வெளியிட்ட நூல், இத்தகைய வெடிப்புகளை அடக்கும் வழியைவிட அவற்றுக்கு முந்திய பிரச்சினையைப் பிள்ளையோடு சேர்ந்து தீர்ப்பதையே வற்புறுத்துகிறது. அவ்வாறே, அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனிடம் ஏன் என்று கேட்டபோது, "பாதியில நிறுத்துனா அப்புறம் என்னாச்சுன்னு தெரியாது" என்றான். ஓர் அத்தியாயம் முடிகிற நேரத்தைத் தாயும் மகனும் கடிகாரத்தில் குறித்துக்கொண்டு, அதற்குப் பின் குளிப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்தச் செல்வாக்கான குடும்பம் உடைந்த ரிமோட்டுகளுக்குப் பதில் வாங்கி வாங்கிச் சலித்த பிரச்சினை, ஒரு கேள்வியில் பெரும்பாலும் தீர்ந்தது.

அடிப்பதைப் பற்றி நான் சமரசமாகப் பேசியதில்லை. பெல்ட்டால் அடிபட்ட முதுகுகளை நான் பார்த்திருக்கிறேன். அடி அந்தக் கணத்தில் வேலை செய்வதாகத் தோன்றுவதே அதன் அபாயம்; அடித்தவருக்கு அது பழக்கமாகிறது, பிள்ளைக்கு மரத்துப்போகிறது, அளவு கூடிக்கொண்டே போகவேண்டியதாகிறது; பத்து வயதில் அடி வாங்கினவன் பதினாறு வயதில் தகப்பன் கையைப் பிடித்து நிறுத்துகிறான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளிகளில் உடல் தண்டனையையும் மன உபத்திரவத்தையும் தடைசெய்த பின், பிரம்பு பெரும்பாலும் மறைந்தது. வகுப்புக்கு வெளியே நிறுத்துவது மறையவில்லை. முன் வரிசையில் இடம், இரண்டு கணக்குக்கு ஒருமுறை நோட்டைப் பார்த்தல், நாற்பது நிமிஷப் பாடவேளையின் நடுவே சாக்பீஸ் எடுத்துவர அனுப்புதல் ஆகிய மூன்றையும் மனமுவந்து செய்த ஆசிரியைகள், என் அறையில் நான் செய்ததைவிட அதிகமாக அந்தப் பிள்ளைகளுக்குச் செய்தார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது, ஏ.டி.ஹெச்.டி.க்கு அதில் தனி இடம் அளிக்கவில்லை. சேர்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மருந்தின் விஷயத்தில் நான் வைத்தியன் அல்லன். மனநல மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்தவன். 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்பவர், தலைவலிக்காகக் கொடுத்த பென்செட்ரின் மாத்திரையால் பிள்ளைகள் பாடத்தில் ஊன்றியதைத் தற்செயலாகக் கண்டதிலிருந்து இச்சிகிச்சை தொடங்குகிறது. இப்போது வழங்கும் மெத்தில்ஃபெனிடேட், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவதால், சில கடைகளில் மட்டுமே கிடைக்கும், அதையறிந்த தகப்பன்மார்கள், "பையனுக்குப் போதை மருந்தா சார்?" என்று நடுங்குவார்கள். தக்க அளவில், கண்காணிப்போடு கொடுத்தால், சாதாரண மாத்திரை சில மணி நேரங்களுக்குக் கவனத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பசி குறையக்கூடும், ஆதலால் ஒவ்வொரு வருகையிலும் எடையும் உயரமும் பார்க்கிறோம். 1999இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 579 பிள்ளைகளை 14 மாதங்கள் தொடர்ந்து, கவனக்குறைவுக்கும் துடிப்புக்கும் கவனமாகக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்றதைவிட நன்றாக உதவியதாகக் கண்டது. இரண்டும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் அந்தக் குழுக்களுக்கிடையே வித்தியாசம் மறைந்திருந்தது. மாத்திரை, பிள்ளை கேட்கக்கூடிய சில மணி நேரங்களைத் திறந்து வைக்கிறது. அந்த நேரத்தில் அவனிடம் என்ன பேசப்படுகிறது என்பது வீட்டைச் சேர்ந்தது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கோ பெற்றோர் பயிற்சியையே முதற் சிகிச்சையாகக் கொள்ளவேண்டும்.

பெண் பிள்ளைகளை மிகத் தாமதமாகவே அழைத்து வந்தார்கள், இப்போதும் அப்படித்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சப்தமின்றி உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் தொந்தரவாகக் கருதுவதில்லை. "மந்தம்" என்று ஒதுக்கிவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் தவறிய பிறகு விசாரிக்கிறார்கள்.

2007இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், இத்தகைய பிள்ளைகளின் மூளைப் புறணி அதன் முழுத் தடிமனை அடைவது ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தாமதமாகிறது என்று படம் பிடித்துக் காட்டினார்கள். பத்து வயதுப் பையனிடம் ஏழு வயதுக்குரிய அடக்கத்தை எதிர்பாருங்கள் என்று பெற்றோரிடம் சொல்ல எனக்கு அது நல்ல ஆதாரமாயிற்று. அந்த மட்டில் எதிர்பார்ப்பு இறங்கிய வீடுகளில் சண்டை பாதியாகக் குறைந்ததைக் கண்டிருக்கிறேன்.

ஆனாலும் குறைந்தது மறுபடி ஏறும். கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதும், வீடு மாறும்போதும், தங்கை பிறக்கும்போதும், தகப்பன் வளைகுடாவுக்குப் புறப்பட்டுப் போகும்போதும் பழைய மாலைகள் திரும்பி வருகின்றன. எல்லாம் வீணாகிவிட்டதென்று தாய்மார்கள் தளர்ந்துபோவதும் அப்போதுதான். ஆகையால் எங்கள் கிளினிக்கில் யாருடைய அட்டையையும் முடித்து மூடுவதில்லை. மே மாதக் கடைசியில் எல்லாரையும் வரவழைத்து, புதிய வகுப்பாசிரியைக்கு ஒரு கடிதம் தயாரிக்கிறோம்: பையனை எங்கே உட்காரவைப்பது, எந்தப் பாடத்தில் அவனுக்குப் பிரியம், கோபம் வருமுன் முகத்தில் என்ன தெரியும், யாருக்குப் போன் செய்வது. தொடக்கத்தில் அந்தக் கடிதத்தை நான் எழுதினேன். இப்போது தாய்மார்களே எழுதிக்கொண்டு வருகிறார்கள். மாத்திரையின் அளவும் வேளையும் சரியாக இருக்கின்றனவா என்று டாக்டரின் குறிப்போடு ஒத்துப்பார்த்துக் கீழே கையெழுத்திடுவது மட்டும் என் வேலையாக இருக்கிறது.